சுரங்கத்துப் பக்கத்து வீடு: வாசகர் கேள்வி பதில்

நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய சிற்றூர்களில் குடியிருப்பவர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். சுரங்கத்துக்கு மேலேயும் பக்கத்திலேயும் வாழ்பவர்களின் சுவர், கிணறு, ஓடை, மூச்சு பற்றிய கேள்விகளே அதிகம்.

கேள்வி: வீட்டுச் சுவரில் படிக்கட்டு போல விரிசல் ஏறிக்கொண்டே போகிறது. சுரங்கத்தார், "பழைய வீடு, அஸ்திவாரம் சரியில்லை" என்கிறார்கள். சுரங்கத்தால் வந்ததா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். விரிசல் எப்படி நகர்கிறது என்று மூன்று, நான்கு மாதமாவது அளந்தால்தான் தெரியும். விரிசலின் இரு பக்கமும் ஒவ்வொரு சிறு திருகாணியைச் சுவரில் இறுக்குங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை வெர்னியர் காலிப்பரால் 0.1 மில்லிமீட்டர் துல்லியத்தில் அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். முதல் மாதம் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை போதும். விரிசலின் நுனியில் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுத் தேதியிட்டால், அது வளர்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும்.

அளக்கும் நாளில் மழையா வெயிலா என்பதையும் எழுதுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். களிமண் நிலத்தில் கட்டிய வீட்டில் விரிசல் வறண்ட காலத்தில் திறக்கும், மழைக்காலத்தில் மூடும். சுரங்கத்தால் நிலம் அமிழ்ந்தால் விரிசல் பெரும்பாலும் ஒரே திசையில் போகும். மழை பெய்தாலும் மூடாது.

பிறகு வீட்டை விட்டு வெளியே வாருங்கள். நில அமிழ்வு உங்கள் வீட்டை மட்டும் தேடி வருவதில்லை. தார்ச்சாலை, பக்கத்து வீட்டு மதில், தண்ணீர்க் குழாய் இணைப்பு என்று எங்கெல்லாம் உடைப்பு இருக்கிறதோ, அவற்றை ஒரு காகிதத்தில் தெருப்படம் வரைந்து குறியுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே கோட்டில் வந்தால் சுரங்க வரைபடத்தோடு ஒப்பிட வேண்டிய நேரம் வந்துவிட்டது. வெட்டிய பகுதியின் ஓரத்துக்கு மேலே நிலம் இழுபடும். அங்கே விரிசல் அகலும். நடுப்பகுதிக்கு மேலே நிலம் நெருக்கப்படும். அங்கே தரை ஓடுகள் கூடாரம் போல எழும்பும், கதவுச்சட்டம் நெரிபடும்.

கரியை எந்த முறையில் எடுக்கிறார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். லாங்வால் முறையில் படுகையை முழுவதுமாக எடுத்துவிட்டு, பின்னால் கூரையை விழ விடுவார்கள். மேலே உள்ள நிலம் கரிப்படுகையின் தடிப்பில் பாதிக்கு மேல், சில இடங்களில் 90 சதவீதம் வரை இறங்கும். ஆனால் வெட்டுமுகம் கடந்துபோன சில மாதங்களில் அதன் பெரும்பகுதி முடிந்துவிடும். தூண் விட்டு வெட்டும் முறையில் அப்போது ஒன்றும் தெரியாது. தூண்கள் நைந்து நொறுங்கும்போது, சில சமயம் ஐம்பது ஆண்டு கழித்து, திடீரென்று இறங்கும்.

அசைவு நிற்கும்வரை விரிசலைப் பூசாதீர்கள். அவசரப்பட்டு சிமென்ட் வைத்து அடைத்தால் பக்கத்தில் புதிதாகக் கிழியும். இழப்பீடு கேட்பதற்கு இருந்த சாட்சியும் பூச்சுக்குள் போய்விடும். விரிசலின் அகலம் 5 மில்லிமீட்டர் வரை இருந்தால் பெரும்பாலும் பூச்சு வேலையோடு முடியும். அதைத் தாண்டினால் கதவு சன்னல் சிக்கும், குழாய்கள் உடையும். முதலில் சமையல் வாயுக் குழாயின் இணைப்பைச் சோதியுங்கள். 15 மில்லிமீட்டருக்கு மேல் சுவரைப் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும். 25 மில்லிமீட்டருக்கு மேல் போன வீட்டில் பொறியாளர் பார்த்துச் சொல்லும்வரை படுக்க வேண்டாம்.

கேள்வி: திறந்தவெளிச் சுரங்கத்தில் வெடி வைக்கும்போதெல்லாம் சன்னல் கண்ணாடி கிடுகிடுக்கிறது. சத்தம் குறைவான நாளில்கூட வீடு ஆடுகிறது. வீடு தாங்குமா?

பதில்: உங்கள் வீட்டுக்கு இரண்டு வழியாக அதிர்ச்சி வருகிறது: தரை வழியாக ஒன்று, காற்று வழியாக ஒன்று. கண்ணாடி கிடுகிடுப்பது பெரும்பாலும் காற்று வழி வருவது. அதன் பெரும்பகுதி காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வெண். சத்தமே இல்லாமல் வீடு ஆடுவதாகத் தோன்றுவதற்குக் காரணம் அதுதான்.

தரையதிர்வை நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். 1 மில்லிமீட்டர்கூட இல்லாத அதிர்வையும் மனிதர்களால் உணர முடியும். பூச்சில் மயிரிழை விரிசல் விழுவதற்கான தொடக்க அளவு, பழைய சுண்ணப்பூச்சு வீடுகளுக்கு 12.7 மில்லிமீட்டர் என்று அமெரிக்கச் சுரங்கப் பணியகம் 1980இல் முடிவு சொன்னது. இந்தியாவில் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் 1997இல் வகுத்த வரம்பு தாழ்ந்த அதிர்வெண்ணில் இன்னும் கடுமையானது. சுரங்கத்துக்குச் சொந்தமில்லாத சாதாரண வீடுகளுக்கு, அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் 5 மில்லிமீட்டர்; 8 முதல் 25 ஹெர்ட்ஸ் வரை 10 மில்லிமீட்டர்; அதற்கு மேல் 15 மில்லிமீட்டர். அதிர்வெண் குறைந்தால் வரம்பும் ஏன் குறைகிறது? வீடுகளின் இயல்பான ஆட்டமும் அந்தத் தாழ்ந்த அதிர்வெண்ணில்தான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்துகொண்டால் ஆட்டம் பெருகும்.

ஆகவே சுரங்கத்தாரிடம் "எத்தனை கிலோ மருந்து வைத்தீர்கள்" என்று கேட்பது பாதிக் கேள்வி. "ஒரே டிலேயில் (அதாவது ஒரே கணத்தில் சேர்ந்து வெடிப்பது) எத்தனை கிலோ" என்று கேளுங்கள். மொத்தம் பத்து டன் வைத்தாலும் துளைதோறும் சில மில்லிநொடி தள்ளி வெடித்தால் வீட்டுக்கு வரும் அதிர்வு குறைவு. ஒரு டிலேயில் வெடிக்கும் மருந்தை நான்கு மடங்காக்கினால், வெடிக்கும் இடம் பாதி தூரத்துக்கு நெருங்கி வந்ததற்குச் சமம். அளவைக் கருவியின் உணரியை வீட்டை ஒட்டிய கெட்டி மண்ணில் புதைக்க வேண்டும். திண்ணையிலோ பொளபொள மண்ணிலோ சும்மா வைத்து எடுத்த அளவு செல்லாது. இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது, பக்கத்தில் நின்று பாருங்கள்.

காற்றதிர்ச்சிக்கு வேறு காரணங்கள். துளையின் வாயை அடைக்கும் சல்லி குறைவாக இருந்தால் வாயு மேலே பீய்ச்சிக்கொண்டு வரும். தரையோரக் காற்று குளிர்ந்தும் மேலே சூடாகவும் இருக்கும் விடியற்காலையில் சத்தம் மேலே போகாமல் வளைந்து ஊருக்குள் விழும். அதே வெடி நடுப்பகலில் பாதி தொந்தரவுகூடத் தராது. வெடி நேரத்தை மாற்றக் கேட்பது செலவில்லாத கோரிக்கை.

வெடித்த பிறகு ஆரஞ்சு நிறப் புகை வந்தால் அது நைட்ரஜன் ஆக்சைடு. உள்ளே போய்ச் சன்னலை மூடுங்கள். அன்று பெரிதாகத் தெரியாமல் இருந்து, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் வாயு அது.

கேள்வி: நாங்கள் வாங்க நினைக்கும் மனைக்குக் கீழே அறுபது ஆண்டுக்கு முன் மூடிய சுரங்கம் இருக்கிறதாம். "இத்தனை காலம் தாங்கியது இனியும் தாங்கும்" என்கிறார் விற்பவர்.

பதில்: அவர் வாதத்தை விட்டுவிட்டு ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். கூரைப் பாறை உடைந்து விழும்போது துண்டுதுண்டாகி அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். பருமன் 30 சதவீதம் கூடும் என்று வைத்துக்கொள்வோம். 2 மீட்டர் உயரக் குடைவு மேலே மேலே இடிந்துகொண்டே போனாலும், சுமார் 6.7 மீட்டர் ஏறியதும் (2-ஐ 0.3-ஆல் வகுத்தால் வருவது) இடிபாடே குழியை நிரப்பிவிடும், அதோடு நிற்கும். அதனால்தான், குடைவுக்கு மேலே குடைவின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு கெட்டிப் பாறை இருந்தால் தரையில் பள்ளம் விழும் வாய்ப்பு குறைவு என்று பொறியாளர்கள் தோராயமாகச் சொல்கிறார்கள். பாறை என்ற சொல்லைக் கவனியுங்கள். மண்ணும் மணலும் கணக்கில் சேராது. தண்ணீரோடு கரைந்து கீழே ஓடிவிடும். இரண்டு வழிகள் குறுக்கே சந்திக்கும் இடங்களிலும் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும், அங்கே கூரையின் அகலம் அதிகம்.

ஷாஃப்ட் எனப்படும் செங்குத்துக் குழிக்கு இந்தக் கணக்கே கிடையாது. பழைய காலத்தில் குழியின் வாயில் மரப்பலகை போட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனார்கள். பலகை உளுத்ததும் மேலே இருப்பது உள்ளே போகும். வட்டமான பள்ளம், எத்தனை முறை நிரப்பினாலும் மறுபடி இறங்கும் இடம், ஒரு வளையத்தில் மட்டும் வேறு நிறப் புல், குளிர்ந்த காலையில் தரையிலிருந்து எழும் ஆவி ஆகியவை அடையாளங்கள். அங்கே கூரைத்தண்ணீரையோ கழிவுநீரையோ இறக்காதீர்கள். லாரி கொண்டுவந்து நீங்களாக மண்ணடிக்கவும் கூடாது.

வரைபடத்தில் ஒன்றும் இல்லை என்பதால் கீழே ஒன்றும் இல்லை என்றாகாது. சுரங்கத் தொழிலில் மூத்த நாடான பிரிட்டனிலேயே, கைவிட்ட சுரங்கத்தின் வரைபடத்தை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம் 1872இல்தான் வந்தது. சந்தேகம் இருந்தால் துளையிட்டுப் பார்ப்பதுதான் வழி. துளைக்கருவி சட்டென்று தானாகக் கீழே இறங்கினாலோ, உள்ளே விட்ட தண்ணீர் திரும்பாமல் போனாலோ அங்கே வெற்றிடம்.

கேள்வி: சுரங்கத்தை மூடி எட்டு ஆண்டு ஆகிறது. இப்போது ஓடைத் தண்ணீர் ஆரஞ்சு நிறமாகிவிட்டது, கல்லெல்லாம் துரு பூசியது போல. மாடு குடிக்கலாமா? சுண்ணாம்புக்கல் கொட்டினால் சரியாகும் என்கிறார்களே?

பதில்: சுரங்கம் ஓடியபோது பம்பு இறைத்துக்கொண்டே இருந்தது. பம்பை நிறுத்தியதும் தண்ணீர் மெல்ல ஏறி, பழைய வழிகளையெல்லாம் கழுவிக்கொண்டு வெளியே வருகிறது. ஏறி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். மூடியபோது தெளிவாக இருந்த ஓடை இப்போது நிறம் மாறியது அதனால்தான்.

கரியிலும் அதை ஒட்டிய பாறையிலும் பைரைட் என்ற இரும்புக் கந்தகத் தாது இருக்கிறது. காற்றும் நீரும் பட்டால் அது கந்தக அமிலமாகவும் கரைந்த இரும்பாகவும் பிரியும். நீர் வெளியே வந்து காற்றுப்பட்டதும் இரும்பு ஆரஞ்சுச் சேறாகப் படியும். ஊற்றுக்கண்ணில் தண்ணீர் கண்ணாடி போல இருப்பதும் நூறடி தள்ளி ஆரஞ்சாவதும் இதன் கைவரிசை. மீன்களைக் கொல்வது பல இடங்களில் அமிலத்தை விட இந்தச் சேறு. முட்டையையும் செவுளையும் மூடிவிடும்.

சுண்ணாம்புக்கல் வாங்குமுன் தண்ணீரின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) பாருங்கள். நிறம் ஆரஞ்சு என்பதாலேயே அமிலம் என்று முடிவு கட்டக்கூடாது. போகும் வழியில் சுண்ணப்பாறையைத் தொட்டுவந்த நீர் பிஎச் 7 இருந்துகொண்டே நிறைய இரும்பைச் சுமந்து வரும். அதற்குச் சுண்ணாம்பே தேவையில்லை. படிப்படியாக விழவிட்டுக் காற்றுக் கலந்து, குட்டையில் ஒன்றிரண்டு நாள் தேங்கவிட்டு, கடைசியில் நாணலும் சம்பும் வளர்ந்த ஆழமற்ற சதுப்பு வழியாக விட்டால் இரும்பின் பெரும்பகுதி படிந்துவிடும். குட்டையில் சேரும் சேற்றைச் சில ஆண்டுக்கொரு முறை அள்ள வேண்டும். அள்ளாமல் விட்ட குட்டை முதல் பெருமழையில் எல்லாவற்றையும் ஓடைக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

அமில நீராக இருந்தால் கணக்கு வேறு. 1 கிலோ பைரைட் தரும் அமிலத்தை ஆற்ற 1.67 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல் வேண்டும். ஆனால் திறந்த ஓடையில் கல்லைக் கொட்டினால் சில வாரங்களில் அதன் மேல் இரும்புத் தோல் படிந்துவிடும். உள்ளே கல் அப்படியே இருக்கும், அமிலத்தோடு அதற்குத் தொடர்பு அற்றுப்போயிருக்கும். ஒரு கல்லை எடுத்து உடைத்துப் பாருங்கள்: வெளியே ஆரஞ்சு ஓடு, உள்ளே புத்தம்புது வெள்ளை. இதைத் தவிர்க்கத்தான் காற்றுப்படாத மூடிய வாய்க்காலில் கல்லை நிரப்பி, நீர் வெளிக்காற்றைப் பார்க்கும் முன்பே அதன் வழியாக விடுகிறார்கள். அதற்கும் நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். அலுமினியம் இருக்கக்கூடாது, இருந்தால் வெள்ளைக் களி சேர்ந்து வாய்க்கால் அடைத்துக்கொள்ளும். ஆக, பரிசோதனை இல்லாமல் கட்டும் வாய்க்கால் காசைக் கரைப்பது.

மாட்டுக்கு: சல்பேட் அளவு பாருங்கள். லிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டினால் வயிற்றுப்போக்கு தொடங்கலாம். அறிக்கை கையில் வரும்வரை வேறு தண்ணீர் காட்டுங்கள்.

கேள்வி: கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது. இருக்கிற தண்ணீரும் பிடித்துவைத்தால் மறுநாள் பழுப்பாகிறது.

பதில்: சுரங்கம் காய்ந்திருக்க இரவும் பகலும் இறைக்கிறார்கள். அதைச் சுற்றி நிலத்தடி நீர்மட்டம் புனல் போலச் சரிகிறது. உங்கள் கிணறு அந்தச் சரிவில் இருக்கலாம். வெள்ளைக் குறி போட்ட கயிற்றால் வாரம் ஒரு முறை, காலையில் மோட்டார் போடும் முன் மட்டத்தை அளந்து எழுதுங்கள். சுரங்கத்திலிருந்து வெகுதொலைவில் உள்ள ஒரு கிணற்றையும் அதே நாளில் அளந்தால்தான் உங்கள் கணக்குக்கு மதிப்பு. இரண்டும் ஒன்றாக இறங்கினால் மழைக்குறைவு.

பழுப்பு நிறம் இரும்பு. லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் இருந்தாலே சுவையும் துணியில் கறையும் தெரியும். தேநீர் மை போலக் கறுக்கும். துளையிட்ட தட்டுகள் வழியாகத் தூறல் போல விழவைத்து, தொட்டியில் தேக்கி, மணல் வடிகட்டியில் விட்டால் போய்விடும். ஆனால் பிஎச் 7-க்குக் கீழே இருந்தால் இரும்பு மிக மெதுவாகத்தான் துருவாகும். "வடிகட்டி போட்டும் மஞ்சள் வருகிறது" என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். மணலோடு சுண்ணாம்புக்கல் சில்லுகள் ஓர் அடுக்கு சேர்த்தால் சரியாகும். கறுப்புக் கறை வந்தால் அது மாங்கனீசு, காற்று மட்டும் போதாது.

கேள்வி: பழைய கிணற்றுக்குள் இறங்கும் முன் மெழுகுவத்தி இறக்கிப் பார்ப்பது சரியான முறையா?

பதில்: கரிச்சுரங்கத்து ஊரில் கூடவே கூடாது. கீழே இரண்டு விதமான வாயு இருக்கலாம். ஒன்று, ஆக்சிஜன் குறைந்து கார்பன் டை ஆக்சைடு மிகுந்த கனமான காற்று. கிணற்றடியிலும் நிலவறையிலும் தேங்கும். அதற்கு மெழுகுவத்தி அணைந்து காட்டும். இன்னொன்று மீத்தேன். காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் வெடிக்கும். அதற்கு மெழுகுவத்திதான் திரி.

ஆக்சிஜன், எரிவாயு, கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றைக் காட்டும் கையடக்க மானியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்தில் நிறுத்திப் பாருங்கள். நல்ல காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே காட்டினால் யாரும் இறங்கக் கூடாது. 10-க்குக் கீழே சீக்கிரமே நினைவு தப்பும். மூச்சுத்திணறல் என்ற எச்சரிக்கைகூடச் சில சமயம் வராது. கிணற்று விபத்துகளில் இறப்பவர்களில் பலர் இரண்டாவதாக இறங்கியவர்கள். உள்ளே ஒருவர் சரிந்து கிடந்தால் நீங்கள் இறங்க வேண்டாம். மேலிருந்து காற்றை ஊதுங்கள், மூச்சுக்கருவி உள்ள மீட்புப் படையை அழையுங்கள். இறங்குபவர் இடுப்பில் மேலிருந்து இழுக்கும் கயிறு முன்பே கட்டியிருந்தால் மட்டுமே அவரை உடனே மேலே கொண்டுவர முடியும்.

நேற்று நன்றாக இருந்த கிணறு இன்று ஆளைக் கொல்வதற்குக் காரணம் வானிலை. காற்றழுத்தம் 10 மில்லிபார் இறங்கினால், பழைய குடைவுகளில் உள்ள வாயு சுமார் 1 சதவீதம் விரியும். பத்து லட்சம் கன மீட்டர் வெற்றிடம் இருந்தால் பத்தாயிரம் கன மீட்டர் வாயு விரிசல் வழியாக வெளியே வரும். புயல் சின்னம் வருகிற நாளில் சுரங்கம் மூச்சு விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஆர்க்ரைட் டவுன் என்ற சிறு சுரங்க ஊரில் 1988 நவம்பரில் வீடுகளுக்குள் மீத்தேன் புகுந்தது. 1990களில் ஊரையே பக்கத்தில் புதிதாகக் கட்டி இடம் மாற்றினார்கள். ஸ்காட்லாந்தின் கோர்பிரிட்ஜில் பழைய சுரங்கத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு கசிந்து 64 வீடுகளை இடிக்க நேர்ந்தது.

ஒரு எச்சரிக்கை: பயந்துபோய்க் கிணற்று வாயைக் காற்றுப்புகாமல் கான்கிரீட் போட்டு அடைக்காதீர்கள். வழி மறித்த வாயு உங்கள் வீட்டுத் தரையில் வேறு வழி தேடும். மூடியில் கூரைக்கு மேல் எழும்பும் காற்றுக்குழாய் ஒன்று இருக்கட்டும்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் கொட்டிவைத்த கரியிலிருந்து ஆவி வருகிறது. மழை ஈரம்தானே?

பதில்: இருக்கலாம். மண்ணெண்ணெய் போல மெல்லிய வாடையும், கரியின் மேல் வியர்வை போல நீர்த்துளியும் சேர்ந்திருந்தால் உள்ளே சூடேறிவிட்டது என்று அர்த்தம். இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவே செருகிப் பதினைந்து நிமிடம் விட்டு எடுங்கள். கையில் பிடிக்க முடியாவிட்டால் இன்றே வேலையைத் தொடங்குங்கள். 70, 80 டிகிரியைத் தாண்டிவிட்டால் பிறகு அது தன் சூட்டிலேயே தன்னை எரிக்கும்.

மேலிருந்து தண்ணீர் ஊற்றுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. தண்ணீர் ஒரு வழி பிடித்துக் கீழே ஓடிவிடும். போன வழியே காற்றுக்கும் பாதையாகும். கொதிக்கும் நடுப்பகுதியில் பட்டால் நீராவி சீறும். சூடான பகுதியை வாரியெடுத்து, சுவரை விட்டுத் தள்ளி, ஓரடிக் கனத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். பரப்பிய பிறகு பூவாளித் தூறல் போலத் தெளிக்கலாம். அடுத்த முறை 2 மீட்டருக்கு மேல் குவிக்காதீர்கள். கட்டியையும் தூளையும் கலந்து கொட்டினால் கட்டிகள் உருண்டு ஓரத்தில் சேர்ந்து புகைபோக்கி போலக் காற்றை இழுக்கும், உள்ளே தூள் சூடாகும். பழைய கரி அடியிலேயே கிடக்க, புதியதை மேலே கொட்டும் வழக்கமும் வேண்டாம். பழுப்பு நிலக்கரி இன்னும் சீக்கிரம் சூடேறும்.

குப்பையைக் கரிப்படுகை வெளித்தெரியும் பள்ளத்தில் எரிப்பதும் இதே ஆபத்துதான். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துச் சென்ட்ரேலியாவில் 1962இல் குப்பைமேட்டில் வைத்த தீ படுகைக்குள் இறங்கியது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். ஆயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊர் ஏறக்குறைய காலியானது. கீழே தீ இன்னும் அணையவில்லை.

கேள்வி: கூரையில் கரித்தூசி படிகிறது. மழைநீர் பிடிக்கலாமா?

பதில்: முதல் மழையை விலக்கிவிட்டுப் பிடிக்கலாம். கூரையின் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டராவது வெளியே போக வேண்டும். 100 சதுர மீட்டர் கூரைக்கு 100 லிட்டர். நீண்ட வறட்சிக்குப் பிறகு இரட்டிப்பாக விடுங்கள். குடிப்பதற்கு என்றால் பரிசோதனை வேண்டும்.

கேள்வி: கணவர் சுரங்கத்தில் வேலை செய்கிறார். அவர் உடுப்பைத் துவைக்கும்போது எனக்கும் பிள்ளைகளுக்கும் கெடுதல் உண்டா?

பதில்: உதறாமல் இருந்தால் பெரும்பகுதி ஆபத்து போய்விடும். வாசலுக்கு வெளியிலேயே உடுப்பை மாற்றச் சொல்லுங்கள். சுரங்கத்திலேயே குளித்து மாற்றி வந்தால் இன்னும் நல்லது. முதலில் நனைத்து ஊறவைத்துப் பிறகு தனியாகத் துவைக்கவும். காற்றுக்குழாயால் ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கம் பல இடங்களில் உண்டு. மூக்குக்கு நேரே மிக நுண்ணிய தூசியைக் கிளப்பிவிடும் வேலை அது.

கணவரைப் பற்றி: துப்பும் கறுப்புச் சளியை வைத்து நோயை அளக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத, 5 மைக்ரானுக்கும் சிறிய துகள்தான் நுரையீரலின் அடிவரை போகிறது. மெல்லிய படுகையை வெட்டும்போது பாறையும் சேர்ந்து அரைபடும். அதன் சிலிகா கரித்தூளை விடக் கொடியது. கரித்தூசியால் வரும் கருநுரையீரல் நோய்க்கு ஆற்றும் மருந்து கிடையாது, வேலையை விட்ட பிறகும் வளரக்கூடும். அதனால் ஓய்வு பெற்ற பிறகும் மார்பு எக்ஸ்ரேயும் மூச்சு அளவைச் சோதனையும் தொடர வேண்டும். பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கி எறியாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவைதான் உதவும்.

கேள்வி: ஊருக்கு மேலே கழிவுமேடு. பிள்ளைகள் அங்கே சறுக்கி விளையாடுகிறார்கள். மரம் நட்டால் மேடு உறுதியாகுமா?

பதில்: மரத்துக்கு முன் தண்ணீர். வேல்ஸில் ஆபர்ஃபான் ஊரின் மேலே ஏழாம் எண் கழிவுமேட்டை ஊற்றுகளின் மேல் கொட்டியிருந்தார்கள். 1966 அக்டோபர் 21 காலை அது குழம்பாகச் சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 116 பிள்ளைகளும் 28 பெரியவர்களும் இறந்தார்கள். உங்கள் மேட்டின் அடியில் முன்பு ஓடையோ ஊற்றோ இருந்ததா என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். உச்சியில் பிறை வடிவ விரிசல், அடிவாரத்தில் வயிறு தள்ளினாற்போல வீக்கம், புதிதாகக் கசியும் கலங்கல் நீர், சாய்ந்து போகும் கம்பங்கள்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கீழே குடியிருப்பவர்களை விலக்கிவிட்டுத் தகவல் சொல்லுங்கள். உள்ளே எரியும் மேடுகளும் உண்டு. மேலே ஓடு போலக் கெட்டி, கீழே சாம்பல் பொந்து. பிள்ளைகளுக்கு அது விளையாடும் இடமே அல்ல.

நிலைத்த மேட்டில் மரம் நடலாம். கறுத்த பரப்பு வெயிலில் 50 டிகிரிக்கு மேல் சூடாகி நாற்றின் தண்டைத் தரையோரம் வேகவைத்துவிடும். வைக்கோல் அல்லது சருகு மூடாக்கு இல்லாமல் நடாதீர்கள். பிஎச் பார்த்துச் சுண்ணாம்பு கலக்கவும். முதலில் புல்லும் பயறு வகைச் செடியும், அடுத்த ஆண்டு மரம். மட்டமான பகுதியில் புல்டோசர் ஓட்டி அழுத்தினால் பார்க்க அழகாக இருக்கும், வேர் இறங்காது. மேல் 1.2 மீட்டர் பொலபொலப்பாக இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் ஊர்ச் சுரங்கத்தை இரண்டு ஆண்டில் மூடப்போகிறார்கள். அவர்கள் போவதற்குள் ஊர் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: முதலில் வரைபடம்: குடைவுகள், ஷாஃப்டுகள், துளைகள், வெளியேறும் நீர்வழிகள் எல்லாம் ஆயத்தொலைகளோடு, அச்சிலும் கோப்பாகவும். அடுத்து, பம்பை நிறுத்தும் தேதியும், நீர் எந்த மட்டம் வரை ஏறும், எங்கே வெளிவரும் என்ற கணிப்பும். கண்காணிப்புக் கிணறுகளை மூடாமல் ஊருக்கு விட்டுவிடச் சொல்லுங்கள். புதிதாகத் தோண்டுவது மிகச் செலவு. மூடுவதற்கு முன்பே எல்லாக் கிணறுகளின் மட்டத்தையும் நீரின் தரத்தையும் அளந்து வையுங்கள். பிறகு அளப்பதற்கு ஒப்பீடு இருக்காது.

எத்தனை ஆண்டுக்குப் பொறுப்பு என்ற கேள்வியில் ஐந்து, பத்து என்று பேரம் பேசுவார்கள். ஜெர்மனியின் ரூர் பகுதியில் கடைசிக் கருங்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடியது. நிலம் சில இடங்களில் 20 மீட்டருக்கு மேல் அமிழ்ந்திருப்பதால் இறைப்பை நிறுத்தவே முடியாது. அதை அவர்கள் நித்தியக் கடமை என்றே அழைக்கிறார்கள். செலவுக்கு 2007இலேயே அறக்கட்டளை அமைத்துப் பணம் ஒதுக்கினார்கள். கடைசிச் சுரங்கம் மூடுவதற்கு முன்பே ஒதுக்கியது என்பதுதான் முக்கியம்.

நீர் முழுவதும் தொல்லை என்றும் இல்லை. நெதர்லாந்தின் ஹேர்லன் நகரத்தில் வெள்ளம் நிறைந்த பழைய சுரங்கத்திலிருந்து, சுமார் 700 மீட்டர் ஆழத்தில் 28 டிகிரி வெப்பமுள்ள நீரை எடுத்து 2008 முதல் கட்டடங்களைச் சூடாக்குகிறார்கள். அதற்கும் வரைபடம் இருந்தால்தான் துளையைச் சரியாக இறக்க முடியும்.

கேள்வி: சுரங்கத்தில் கேனரிக் குருவி வைத்திருந்தது உண்மையா?

பதில்: உண்மை. மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடிக்க, ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் 1890களில் சொன்ன யோசனை. குருவி வேகமாக மூச்சு விடுவதால் மனிதருக்கு முன்பே மயங்கிவிடும். பிரிட்டனில் 1986இல்தான் மின்னணு மானிகளுக்கு மாறத் தொடங்கினார்கள். சில கூண்டுகளின் மேலேயே சிறிய ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது; குருவி கிளையிலிருந்து விழுந்ததும் கூண்டுக் கதவை மூடி வால்வைத் திறந்துவிடுவார்கள், அது எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.